கோவளத்து மிதவைகளும் சிவப்பு மூடி டப்பாவும்

"கடல்ல கதிர்வீச்சு கீதா இல்லியான்னு தெரிஞ்சிக்கணும்னா அந்தத் தண்ணியையே அளந்துட்டுப் போவ வேண்டியதுதானே? கண்ணுக்குத் தெரியாத பூச்சியைப் புடிச்சு இன்னாத்துக்கு அளக்குற?"

அஸ்தினாபுரத்தில் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் உதயா, ஒரு சனிக்கிழமை காலையில் நடுத்தெருவில் வண்டியை நிறுத்திக்கொண்டு கேட்ட கேள்வி இது. அப்போது எனக்குப் பதில் தெரியாது. பாத்திரத்தோடு மீன் வாங்க நின்ற யாருக்கும் தெரியாது. பதில் தெரிந்த ஒரே ஆள் சுஜி. ஆனால் அன்றைக்கு அவளால் வாயைத் திறக்க முடியவில்லை. விடியற்காலையில் கோவளத்தில் படகேறி, போகும்போதும் வாந்தி, வரும்போதும் வாந்தி என்று எடுத்துவிட்டு, எலுமிச்சம்பழத் துண்டைக் கடித்தபடி அப்போதுதான் ஸ்கூட்டரை வாசலில் நிறுத்தியிருந்தாள். 'அப்புறம் சொல்றேன்' என்று கையால் சைகை காட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"கடல்ல வேல செய்யிற பொண்ணு! மூஞ்சப் பாரு, கரைல போட்ட கெளுத்தி மாதிரி," என்று உதயா சிரித்தாள். தெருவே சிரித்தது.

அந்த 'அப்புறம்' வருவதற்குள் உதயாவின் பிழைப்பே ஆட்டம் கண்டுவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கதை.

சுஜி விலங்கியலில் எம்.எஸ்ஸி. படித்தவள். படித்து முடித்ததும் எல்லோரையும் போல வங்கித் தேர்வுக்கு இரண்டு தடவை படித்துப் பார்த்தாள். நடக்கவில்லை. பிறகு தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சித் திட்ட உதவியாளராகச் சேர்ந்தாள். கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களைப் பிடித்துவந்து, அவற்றில் கதிர்வீச்சு எவ்வளவு இருக்கிறது என்று மாதாமாதம் பார்க்கும் வேலை. கடலில் யாரும் எதையும் கொட்டிவிட்டதால் அல்ல. நன்றாக இருக்கும்போதே அளந்து வைத்தால்தான், நாளைக்கு ஏதாவது மாறினால் மாறியது தெரியும். நல்ல உடம்போடு இருக்கிறவர் வருஷத்துக்கு ஒரு முறை ரத்தம் கொடுத்துப் பார்க்கிற மாதிரி.

மிதவை உயிர்கள் என்று அவள் சொல்வாள். உதயாவுக்கும், கோவளத்துப் படகுக்காரர் தாவீதுக்கும் அவை பூச்சி. அதனால் தாவீது அவளுக்கு வைத்த பெயர் 'பூச்சி டீச்சர்'.

அவளுடைய வலை மீன் வலை அல்ல. கூம்பு மாதிரி தைத்த மெல்லிய துணி. மைதா மாவைப் போட்டாலும் பாதி மேலேயே நிற்கும், அவ்வளவு சின்னக் கண். கூம்பின் நுனியில் ஒரு குடுவை. படகு ஆமை வேகத்தில் போக, வலை பின்னால் இழுபடும். தூக்கிப் பார்த்தால் குடுவையில் ஆறிப்போன கஞ்சி மாதிரி ஏதோ கொழகொழவென்று கிடக்கும். அந்தக் கஞ்சியில் ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்துவிட்டால் சுஜிக்கு வாந்தி, மயக்கம் எல்லாம் மறந்துபோகும். கண்ணாடி வளையல்களைக் கோத்தது போல ஒன்று, முட்டை மூட்டையைக் கட்டிக்கொண்டு துள்ளுகிற ஒன்று, காரணமே இல்லாமல் சுற்றிச் சுற்றி வருகிற ஒன்று. அதை போனில் படம் பிடித்து, மீன் வாங்கும்போது உதயாவிடம் காட்டுவாள்.

"அய்ய, இதையா மீனு துன்னுது?"

"சின்ன மீன் இதைச் சாப்பிடுது. அதைப் பெரிய மீன் சாப்பிடுது. அதை நாம சாப்பிடறோம்."

"அப்ப நானும் பூச்சிதான் விக்கிறேன்னு சொல்லு!"

உதயா பெரும்பாக்கம் குடியிருப்பில் ஐந்தாவது மாடியில் இருப்பவள். முன்பு நகரத்துக்குள் இருந்தார்கள். இங்கே வீடு கொடுத்து அனுப்பியபோது பழைய வாடிக்கைகள் எல்லாம் அங்கேயே நின்றுவிட்டன. எக்ஸ்எல் வண்டியில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு, கோவளத்தில் தாவீதின் படகிலிருந்து நேராக மீன் வாங்கி, தெருத் தெருவாகக் கூவி, அஸ்தினாபுரத்திலும் குரோம்பேட்டையிலும் புது வாடிக்கைகளைப் பிடித்தாள். தவக்காலம் வந்தால் அவளுக்குக் கொண்டாட்டம். அந்த நாட்களில் கறி சாப்பிடாத கிறிஸ்தவ வீடுகள் எங்கள் பக்கத்தில் அதிகம். மீன் மட்டும் சாப்பிடுவார்கள். ஈஸ்டர் வரைக்கும் அவள் பெட்டி காலியாகத்தான் பெரும்பாக்கம் திரும்பும். வருஷத்தில் அந்தச் சில வாரங்களை நம்பித்தான் மற்ற மாதங்களை ஓட்டுவாள்.

இனி சுஜியின் சமையலறைக்குள் போகவேண்டும். கதை அங்கேதான் கோளாறாகிறது.

சுஜியின் அப்பா சுவிசேஷமுத்து, தொலைபேசி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கு பி.பி. உண்டு. உப்பைக் குறைக்கச் சொன்ன டாக்டர், சோடியத்தைக் குறைத்து அதற்குப் பதில் பொட்டாசியம் சேர்த்த உப்பு ஒன்று கடையில் கிடைக்கும், அதைப் பயன்படுத்தலாம் என்றார். எங்கள் தெருவில் அதற்குப் பெயர் பி.பி. உப்பு. சுஜியின் அம்மா ரத்தினபாய் அதை வாங்கி நீல மூடி டப்பாவில் போட்டுவைத்தார். சாதாரண உப்புக்குச் சிவப்பு மூடி. குழம்பில் உப்பு போடுவதற்கு முன்னால் அப்பாவின் பங்கைச் சின்ன மண்சட்டியில் எடுத்து, அதில் நீல மூடி உப்பு. மற்றதில் சிவப்பு மூடி உப்பு. அந்த வீட்டுச் சட்டம் அது.

சுவிசேஷமுத்துவுக்கு அந்தச் சட்டம் பிடிக்கவில்லை. "இது உப்பா, அரைச்ச மாத்திரையா? சாப்பிட்டு முடிச்சா நாக்கு கசக்குது," என்று தினமும் பொருமுவார்.

பொங்கல் முடிந்ததும் ரத்தினபாய் பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள பெங்களூரில் மகன் வீட்டுக்குப் போனார். சமையல் சுஜியின் கைக்கு வந்தது. வந்த ஒரு வாரத்தில் அதிசயம் நடந்தது. அப்பா பொருமுவதை நிறுத்திவிட்டார்.

"பரவால்லம்மா. நாக்கு பழகிட்டுது. இப்ப இது நல்லாவே இருக்கு," என்று சட்டியை வழித்துச் சாப்பிட்டார்.

சுஜிக்குப் பெருமை. அம்மாவுக்கு போன் போட்டு, "உங்க கையில பழகாதது என் கையில பழகிடுச்சு" என்று சீண்டினாள். அவளுடைய சாப்பாடுதான் அந்த நாட்களில் ஏதோ மாதிரி இருந்தது. கடைசியில் லேசாகக் கசந்தது. லாரித் தண்ணீர்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் டீ நன்றாக இல்லையென்றாலும், தலைமுடி கொட்டினாலும், முதலில் தண்ணீரைத்தான் திட்டுவோம். அப்பாவின் பி.பி. மட்டும் குறையாமல் ஏறியது. டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்.

அந்தச் சனிக்கிழமைக்கு வருவோம். வாந்தி எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்த சுஜி, ஸ்கூட்டர் பெட்டியைத் திறந்தாள். மிதவை உயிர்கள் இருந்த குடுவை பத்திரமாக இருந்தது. ஆனால் அவற்றைக் கழுவுவதற்காக வடிகட்டிக் கொண்டுவந்த கடல் தண்ணீர் கேன், மேடவாக்கம் ரோட்டுப் பள்ளங்களில் குதித்து, மூடி கழன்று, எல்லாத் தண்ணீரும் கொட்டிப்போயிருந்தது. கல்லூரி ஆய்வகமோ பூட்டியிருக்கும். கழுவாமல் திங்கட்கிழமை வரை விட்டால் பிடித்தது அழுகிவிடும்.

நல்ல தண்ணீரில் கழுவ முடியாது. உப்பிலேயே வாழ்ந்த அந்தச் சின்ன உடம்புகள் நல்ல தண்ணீர் பட்டால் ஊதி வெடித்துவிடும்; உள்ளே இருப்பது வழிந்தோடிவிடும். அதனால் சுஜி ஒரு யோசனை செய்தாள். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர் வீட்டில் இருந்தது. அம்மா கிறிஸ்துமஸ் கேக்குக்கு மாவு நிறுக்கும் தராசும் இருந்தது. கடலில் எவ்வளவு உப்போ அவ்வளவு உப்பை நிறுத்துப் போட்டுக் கலக்கினாள். சாப்பாட்டு உப்பில் கதிர்வீச்சு என்று சொல்லும்படி எதுவும் கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். அது சரியும்கூட. நீல மூடியைத் தொடாமல், கவனமாகச் சிவப்பு மூடி டப்பாவைத்தான் திறந்தாள்.

கழுவி, வடிகட்டி, பனிக்கட்டிக்குள் வைத்தாள். திங்கட்கிழமை ஆய்வகத்தில் உலர்த்தி, உலையில் எரித்துச் சாம்பலாக்கினார்கள். அந்த வாரக் கடைசியில் சாம்பல் கருவிக்குள் போனது.

கருவியை இயக்கியவன் உமேஷ். முதுகலை மாணவன், வாய் கொஞ்சம் நீளம், மனசு நல்லது. எண் ஏறியதைப் பார்த்து, "அக்கா, மெஷின் பேஜார் பண்ணுதா?" என்று கேட்டான்.

சுஜி வந்து பார்த்தாள். வழக்கமாக வருவதைவிடப் பல மடங்கு. காலித் தட்டை வைத்துப் பார்த்தாள். கருவி ஒழுங்காகத்தான் இருந்தது. மறுபடி சாம்பலை வைத்தாள். மறுபடி அதே எண்.

துறைத் தலைவர் ஸ்ரீநிவாசராகவன் வந்தார். பதற்றமே இல்லாத மனிதர். "ஒரு சாம்பிளை வெச்சுண்டு எதுவும் சொல்லக்கூடாது, சுஜி. நம்ம மெஷின் எவ்வளவு வருதுன்னு சொல்லும். எதுலேர்ந்து வருதுன்னு சொல்லாது. அதைச் சொல்ற மெஷின் வேற இடத்துல இருக்கு, அனுப்பினா வாரக்கணக்காகும். நீங்க திரும்பப் போய் வலை போட்டுண்டு வாங்கோ. அது வரைக்கும் யாரும் வெளில மூச்சு விடப்படாது."

உமேஷ் தலையை ஆட்டினான். ஆனால் அதற்கு முன்பே அவன் மூச்சு விட்டிருந்தான். கருவியின் எண்ணைப் படம் எடுத்து, 'கோவளம் இறால் இனிமே இருட்டுல டியூப்லைட் மாதிரி எரியும் மச்சான்' என்று எழுதி, நண்பர்கள் குழுவில் போட்டிருந்தான். நண்பர்கள் சிரித்தார்கள். அவர்களில் யாரோ அதை வேறு குழுவுக்கு அனுப்பினார்கள். அங்கே யாரோ இறாலையும் டியூப்லைட்டையும் வெட்டிவிட்டார்கள். சிரிப்பு போய், 'கோவளம் கடலில் கதிர்வீச்சு. கல்லூரி ஆய்வில் அம்பலம். மீன் சாப்பிடாதீர்கள். உங்கள் குடும்பத்தினர் அனைவருக்கும் பகிரவும்' என்று அது தனியாகக் கிளம்பியது. தாம்பரம் அடுக்குமாடிக் குழுவுக்குப் போனது. சபைப் பெண்கள் குழுவுக்குப் போனது. கூடுவாஞ்சேரியில் மனை வாங்கியவர்கள் குழுவுக்குப் போய், அங்கிருந்து அஸ்தினாபுரம் காலைநடைக் குழுவுக்கு வந்தது.

"பாரும்மா, எவனோ வேல இல்லாதவன் என்னமோ போட்ருக்கான்," என்று சுவிசேஷமுத்து சிரித்துக்கொண்டே போனை நீட்டினார். படத்தில் இருந்தது சுஜியின் ஆய்வகத்துக் கருவி.

மறுநாள் தாவீதுக்கு போன் செய்தாள். மறுபடி வலை போடவேண்டும், படகு வேண்டும் என்றாள்.

"பூச்சி டீச்சர்," தாவீதின் குரலில் சிரிப்பு இல்லை. "எங்க கடல நாறடிச்சிட்டு, அதே கடலுக்குப் போவ எங்கிட்டயே போட்டு கேக்குறியா? நீ கக்குன வாந்திய அள்ளி ஊத்துனவன் நானு. இந்தப் பேச்சு நிக்கிற வரைக்கும் என் போட்டுல கால் வைக்காத."

போனை வைத்துவிட்டார். கடலிடமே மறுபடி கேட்டால்தான் உண்மை தெரியும். கேட்க வழி இல்லை. உண்மையிலேயே கடலில் ஏதாவது இருந்தால் அதை மறைப்பதும் தப்பு. இல்லையென்றால் வதந்தியை இப்படி ஓட விடுவதும் தப்பு. சுஜிக்கு இரண்டு பக்கமும் அடைத்த மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. தவக்கால வெள்ளி. வழக்கமாக உதயாவின் வண்டியைச் சுற்றிக் கூட்டம் நிற்கும் நாள். அன்றைக்கு அவள் தெருமுனையிலிருந்து கூவிக்கொண்டே வந்தாள். ஜன்னல்கள்தான் திறந்தன, கதவுகள் திறக்கவில்லை.

"ஃப்ரிட்ஜ்ல இருக்கு உதயா."

"எங்க வீட்ல இன்னைக்கு சாம்பார் வெச்சாச்சு."

"ஈஸ்டர் போகட்டும், பாக்கலாம்."

சுஜியின் வாசலில் வந்து நின்று உதயா ஐஸ் பெட்டியின் மூடியைத் திறந்தாள். சங்கரா, கிழங்கான், நெத்திலி எல்லாம் அப்படியே கிடந்தன.

"இன்னாமா சுஜி. பூச்சி புடிக்கிறேன், பூச்சி புடிக்கிறேன்னு சொல்லி என் வவுத்துல அடிச்சிட்டியே. குரோம்பேட்டைல ஒரு வூடு தொறக்கல. நேத்து வித்தது இன்னா தெரியுமா? ஒண்ணுமே இல்ல. ஐஸு மட்டும் உருவுது. நாளைக்கு பெட்டி போடுறதா வேணாமான்னு நீதான் சொல்லணும். சொல்லு, கடல்ல கீதா, இல்லியா?"

"எனக்கே தெரியலக்கா," என்றாள் சுஜி. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அதைப் பார்த்ததும் உதயாவின் கோபம் பாதி இறங்கிவிட்டது. "ஐய, அழுவாத. நான் உன்னத் திட்ட வந்தா நீ அழுதுகினு நிக்கிற. அப்புறம் நான் யாரத் திட்டுறது?"

"உள்ள வாக்கா. சங்கரா எடு. நான் குழம்பு வைக்கிறேன். கதவைத் திறந்து வெச்சு, தெரு பாக்கறாப்ல நானும் எங்க அப்பாவும் சாப்பிடறோம்."

"அப்ப நானும் துன்றேன். செத்தா மூணு பேரும் சேந்து போலாம்."

உதயா மீனை ஆய்ந்து கொடுத்தாள். சுஜி புளியைக் கரைத்தாள். சும்மா இருக்க முடியாமல் உதயா பழைய கேள்வியை மறுபடி எடுத்தாள். தண்ணீரை அளக்காமல் பூச்சியை ஏன் அளக்கவேண்டும்?

சுஜி மேலே சுற்றும் மின்விசிறியைக் காட்டினாள். "நீ ஜி.எஸ்.டி. ரோட்ல நிக்கிற. காத்துல எவ்வளவு தூசின்னு கண்ணுக்குத் தெரியுமா?"

"மூக்குக்குத் தெரியும்."

"சரி. ரோட்டோரக் கடை ஃபேன் இறக்கையைத் துடைச்சுப் பாரு. கறுப்பா விரல் கனத்துக்கு இருக்கும். காத்துல கொஞ்சம் கொஞ்சமா இருந்தது எல்லாம் அங்க சேந்திருக்கு. கடல் தண்ணில எது இருந்தாலும் அவ்வளவு பெரிய கடல்ல கரைஞ்சு போய், மெஷினுக்கே தெரியாத அளவு கம்மியா இருக்கும். இந்தப் பூச்சிங்க ராத்திரி பகலா அந்தத் தண்ணிலயே கிடந்து, அதை உடம்புல சேத்து வெச்சுக்குது. அதான் அதைப் பிடிக்கிறோம்."

"இத அன்னிக்கே சொல்லியிருந்தா இன்னா? வாய்ல எலுமிச்சம்பழத்த வெச்சிகினு நின்ன," என்றாள் உதயா.

குழம்பு கொதித்தது. வீட்டுச் சட்டப்படி அப்பாவின் பங்கை மண்சட்டியில் எடுத்து நீல மூடி உப்பைப் போட்டாள். மற்றதில் சிவப்பு மூடி உப்பு. உதயா பெரிய சட்டியிலிருந்து ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கினாள். முகம் சுளித்தாள்.

"இன்னாமா இது? புளிக் கொழம்பா, மருந்துக் கசாயமா? கசக்குதே."

"தண்ணிக்கா. லாரித் தண்ணி."

உதயா விடவில்லை. மண்சட்டியிலிருந்தும் ஒரு சொட்டு எடுத்தாள். நாக்கைச் சப்புக் கொட்டினாள். "தோ, இது ஜோரா கீது. ஒரே தண்ணிதானே ரெண்டுலயும்? பி.பி.காரர் கொழம்புல உப்பு கரெக்டா கீது. உன்னுதுதான் பத்தியக் கொழம்பு."

சுஜி இரண்டு சட்டியிலிருந்தும் ஒவ்வொரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். லாரித் தண்ணீர் இரண்டு சட்டியிலும் உண்டு. ஒரே மீன், ஒரே புளி. வேறாக இருப்பது ஒன்றே ஒன்று.

அவள் அடுப்பை அணைத்தாள். இரண்டு டப்பாக்களையும் பையில் போட்டாள். "அக்கா, காலேஜுக்கு வரியா?"

"மீனு?"

"மீனையும் எடுத்துக்கோ."

அப்படித்தான் அன்று பிற்பகல் ஆய்வகத்துக்குள் ஐஸ் பெட்டியோடு உதயா நுழைந்தாள். வாழ்நாளில் மீனைத் தொடாத ஸ்ரீநிவாசராகவன் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, "பெட்டி அந்த ஜன்னல்கிட்டயே இருக்கட்டும்மா," என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

சுஜி முதலில் நீல மூடி உப்பில் ஒரு தேக்கரண்டி வைத்தாள். கருவி சும்மா இருந்தது. காலித் தட்டுக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. பிறகு சிவப்பு மூடி உப்பை வைத்தாள். எண் கிடுகிடுவென்று ஏறியது.

"யம்மா! ஒரு டப்பா உப்புக்கு இம்மாம் ஆட்டமா?" என்றாள் உதயா.

ஸ்ரீநிவாசராகவன் கைக்குட்டையை எடுத்துவிட்டார். மீன் வாசனை மறந்துபோனது. "பொட்டாசியம்! சுஜி, இது சாதா உப்பு இல்லை. லோ சோடியம் உப்பு. பொட்டாசியம் இருக்கற எதுலயும் இயற்கையாவே துளி கதிர்வீச்சு உண்டு. வாழைப்பழத்துல உண்டு, இளநீர்ல உண்டு, உங்க உடம்புல, என் உடம்புல உண்டு. ஒண்ணும் பண்ணாது. ஆனா இதைக் கரைச்சு சாம்பிளைக் கழுவினா நம்ம மெஷினுக்கு வித்தியாசம் தெரியாது. எண்ணிண்டே போகும். எதுல கழுவினீங்க?"

"சிவப்பு மூடில, சார்," என்றாள் சுஜி. சொன்னவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து மேசையைப் பிடித்துக்கொண்டாள். பொங்கலுக்குப் பிறகு அப்பாவின் நாக்கு எப்படிப் பழகியது, பி.பி. ஏன் ஏறியது, தன் சோறு ஏன் கசந்தது எல்லாம் ஒரே எண்ணில் தெரிந்துவிட்டது. அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கருவி கடைசியில் கண்டுபிடித்தது அவள் வீட்டுக் கள்ளத்தனத்தைத்தான்.

அவர்கள் வீடு திரும்பியபோது சுவிசேஷமுத்து வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். டப்பாக்கள் இல்லாததைப் பார்த்தபோதே அவருக்குப் புரிந்துவிட்டது.

"மாத்தி கொட்டிட்டேம்மா," என்றார் மெதுவாக. "உங்க அம்மா போன மறுநாளே. பி.பி. உப்பக் கீழ கொட்ட மனசு வரல. உனக்குத்தான் பி.பி. இல்லையே, நீ சாப்பிட்டா ஒண்ணும் ஆகாதுன்னு..."

"என்னைக் கசப்புச் சோறு சாப்பிட வெச்சுட்டு, நாக்கு பழகிட்டுதுன்னு எங்கிட்டயே சொன்னீங்களேப்பா!"

"பழகுனது பொய் சொல்லத்தான்," என்றார். உதயாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர் உதயாவைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். தன் ஒரு கை உப்பு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

சுஜி அன்றைக்கே விளக்கம் எழுதினாள். பொட்டாசியம் என்றால் என்ன, கருவி எதை எண்ணும், எதைப் பிரித்துச் சொல்லாது, தப்பு எங்கே நடந்தது, யாருடைய தப்பு என்று ஒளிவில்லாமல் எழுதி, எல்லாக் குழுக்களிலும் போட்டாள். உமேஷும் மன்னிப்புக் கேட்டுப் போட்டான். கிட்டத்தட்ட யாரும் படிக்கவில்லை. இரண்டு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். ஒருவர் மட்டும், 'அப்படியானால் பி.பி. உப்பு ஆபத்தா? வாழைப்பழம் சாப்பிடலாமா?' என்று கேட்டார். புது வதந்தி ஒன்று பிறக்கப் பார்த்தது.

"எழுத்தெல்லாம் வேலைக்காவாது," என்றாள் உதயா. "யார் உப்பக் கொட்டுனாரோ அவரு வரட்டும்."

சனிக்கிழமை காலையில் உதயாவின் வண்டிக்குப் பின்னால் சுவிசேஷமுத்து நடந்தார். வெள்ளைச் சட்டை, கையில் இரண்டு டப்பாக்கள். முதல் வீட்டில் உதயாதான் ஆரம்பித்தாள். "யக்கா, கதிர்வீச்சு எங்கேந்து வந்துச்சு தெரியுமா? இந்த மாமா வூட்டு சமையல்கட்டுலேந்து! கேளு மாமாவ!"

மாமா சொன்னார். மனைவி ஊருக்குப் போனது, டப்பாவை மாற்றியது, மகள் கசப்புச் சோறு தின்றது, நாக்கு பழகியது என்று புளுகியது. அந்த வீட்டு அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் உள்ளே போய்ப் பாத்திரம் எடுத்துவந்தார். அடுத்த வீட்டில் அவரே ஆரம்பித்தார். மூன்றாவது தெருவுக்குப் போனபோது கதை அவருக்கு முன்னால் போய்விட்டிருந்தது. "வாங்க உப்பு மாமா" என்று வாசலில் காத்திருந்தார்கள். யாராவது வாழைப்பழத்தைப் பற்றிக் கேட்டால் சுஜி சொல்லிக்கொடுத்ததைச் சொல்வார். பூச்சியைப் பற்றிக் கேட்டால் உதயா பதில் சொல்வாள். "உன் வூட்டு ஃபேனு இறக்கையத் தொடச்சிருக்கியா? தொடச்சிப் பாரு, அப்புறம் பேசு."

பொழுது சாய்வதற்குள் நெத்திலி தீர்ந்துவிட்டது. கிழங்கான் கொஞ்சம் மீந்தது. உதயா அதை சுஜியின் வீட்டில் வைத்துவிட்டு, "நாளைக்கு பெட்டி போடுறேன்," என்று சொல்லிவிட்டு பெரும்பாக்கம் போனாள்.

கதை கோவளத்துக்கும் போய்ச் சேர்ந்தது. தாவீதே கூப்பிட்டார். "பூச்சி டீச்சர், உங்கப்பாவையும் இட்டுகினு வா. உப்புன்னா இன்னான்னு அவருக்குக் காட்றேன்." சுவிசேஷமுத்து போனார். அலையில் படகு ஆட, அவர் ஜம்மென்று உட்கார்ந்து சங்கீதம் பாடிக்கொண்டிருந்தார். சுஜி வழக்கம்போல வாந்தி எடுத்தாள். இந்த முறை வடிகட்டிய கடல் தண்ணீர் இரண்டு கேன்களில் வந்தது. ஒன்றை அப்பா மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். முடிவு வழக்கமான எண்தான். கெட்டுப்போன சாம்பிளை ஆய்வறிக்கையில் சுஜி மறைக்கவில்லை. 'வீட்டு உப்பினால் கெட்டது' என்று எழுதிச் சேர்த்தாள். ஸ்ரீநிவாசராகவன் அந்த வரியை இரண்டு முறை படித்துச் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஈஸ்டருக்கு முன்தினம் வரை உதயாவின் பெட்டி காலியாகவே திரும்பியது. ரத்தினபாய் பெங்களூரிலிருந்து வந்து, இரண்டு டப்பாக்களுக்கும் பூட்டுப் போட முடியுமா என்று கடையில் விசாரித்தார். அப்பாவின் பி.பி. இறங்கியிருக்கிறது. பொருமலும் திரும்பி வந்துவிட்டது.

ஆனால் அந்தப் பழைய செய்தி இன்னும் சாகவில்லை. போன வாரம் கூடுவாஞ்சேரியிலிருந்து புறப்பட்டு மறுபடி எங்கள் தெருவுக்கு வந்தது; அதே படம், அதே 'அனைவருக்கும் பகிரவும்'. சரியான விளக்கத்தைவிட உப்பு மாமாவின் கதைதான் வேகமாகப் போகிறது என்று கண்ணால் பார்த்ததால்தான் இதைக் கதையாகவே எழுதினேன். இதைப் படிக்கிறவர்களுக்குக் கூடுவாஞ்சேரியிலோ வேறெங்கேயோ மீன் வாங்கப் பயப்படுகிற ஒருவரைத் தெரிந்திருந்தால், இதை அவருக்கு அனுப்பிவிடுங்கள். சுருக்கி மட்டும் அனுப்பாதீர்கள். போன தடவை யாரோ சிரிப்பை வெட்டியதால்தான் இவ்வளவும் நடந்தது.